கசிந்த வாயு காட்டிய வழி

உரைநடை உலகம்

நுழையும்முன்

கற்ற துறையிலேயே வேலை, கிடைத்த வேலையிலேயே வாழ்நாள் என்னும் நேர்கோட்டில் எல்லாருடைய வாழ்வும் செல்வதில்லை. ஓரிடத்தில் பெற்ற பட்டறிவு, எதிர்பாராத வேறோர் இடத்தில் பயன் தருவதும் உண்டு. குளிர்பதனப் பெட்டி செய்யும் ஆலையில் வாயுக் கசிவைத் தேடிய தமிழ்ப் பொறியாளர் ஒருவர், புவி வெப்பமடைவதற்கு அதுவரை அறியப்படாதிருந்த காரணம் ஒன்றை உலகிற்குக் காட்டினார். அவ்வரலாற்றையும் அதன் பின்னுள்ள அறிவியலையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆலையும் பொறியாளரும்

1960களின் நடுப்பகுதி. செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டிகளைச் செய்யும் ஆலை ஒன்றில் இளம் பொறியாளர் ஒருவர் பணியாற்றி வந்தார். பெட்டியின் குழாய்களுக்குள் அடைக்கப்பட்ட குளிரூட்டும் வாயு வெளியே கசிந்துவிடுகிறது. அது ஏன் கசிகிறது, எவ்வாறு தடுப்பது என்று கண்டறிவது அவருக்கு இடப்பட்ட பணி. வாயு கசிந்த பெட்டி குளிராது. குளிராத பெட்டி விலை போகாது. எனவே, ஆலையைப் பொறுத்தவரை கசிவு என்பது பொருள் இழப்பு, அவ்வளவே. கசிந்த வாயு எங்கே சென்றது என்னும் வினா அங்கு எவருக்கும் தேவைப்படவில்லை.

அப்பொறியாளரின் பெயர் வீரபத்திரன் இராமநாதன். 1944ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். தொடக்கக் கல்வியைத் தமிழ்வழியில் பயின்றவர். அவருக்குப் பதினொரு வயதானபோது குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பாடங்கள் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டன. வகுப்பில் முன்வரிசையில் இருந்த மாணவர், மொழி புரியாமையால் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டார். ஆசிரியர் கூறுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ள இயலாத நிலையில், எதனையும் தாமே எண்ணிக் கண்டறியும் பழக்கம் அக்காலத்தில்தான் தம்மிடம் உருவாயிற்று என்று பின்னாளில் அவர் கூறியுள்ளார்.

பள்ளிப்படிப்பை முடித்தபின் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று 1965இல் பட்டம் பெற்றார். அதன்பின் கிடைத்ததே குளிர்பதன ஆலைப் பணி. அப்பணி அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஆனால், அங்கு அவர் நாள்தோறும் கையாண்ட வாயுதான் அடுத்த பத்தாண்டுகளில் அவரது பெயரை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்த இருந்தது.

தீங்கற்றது எனப்பட்ட வாயு

குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே கடத்துகிறது. அமுக்கி என்னும் கருவி வாயுவை அழுத்துகிறது. அழுத்தத்தால் சூடேறிய வாயு, பெட்டியின் பின்புறமுள்ள வளைகுழாய்களில் ஓடி, வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. அத்திரவம் மிகக் குறுகிய குழாய் வழியே சென்று அழுத்தம் குறைந்த பகுதியை அடையும்போது ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள் இருக்கும் பொருள்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. மீண்டும் அமுக்கிக்குத் திரும்புகிறது. இச்சுழற்சி இடையறாது நடைபெற வேண்டுமாயின் குழாய்களின் பற்றவைப்புகளில் மயிரிழை அளவு விரிசலும் இருத்தல் ஆகாது.

தொடக்கக் காலக் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவை பயன்படுத்தப்பட்டன. இவை நச்சுத்தன்மை உடையவை. இரவில் கசிந்தால் உறங்குவோரின் உயிருக்கே கேடு விளையும். நச்சும் தீப்பற்றும் இயல்பும் இல்லாத வாயு ஒன்றைத் தேடிய அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி, குளோரோஃபுளோரோ கார்பன் என்னும் சேர்ம வகையைக் குளிர்பதனத்திற்கு ஏற்றதாகக் கண்டறிந்தார். 1930இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் கூட்டத்தில் அவர் அவ்வாயுவைத் தம் மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மீது ஊதிச் சுடரை அணைத்துக் காட்டினார். அது நஞ்சும் அன்று, எரிபொருளும் அன்று என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

அதன்பின் குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டும் எந்திரம், நறுமணத் தெளிப்பான், மெத்தை நுரை எனப் பலவற்றிலும் அவ்வாயு இடம்பெற்றது. எதனோடும் வினைபுரியாத அதன் அமைதியே அதன் சிறப்பாகப் போற்றப்பட்டது. அவ்வமைதியே ஆபத்தாகவும் அமைந்தது. வினைபுரியாத வாயு எளிதில் அழிவதில்லை. அவ்வகையைச் சேர்ந்த குளோரோஃபுளோரோ கார்பன்–12 ஏறத்தாழ 100 ஆண்டுகள் வளிமண்டலத்தில் தங்கும் இயல்புடையது. கசிந்த ஒவ்வொரு துளியும் வானில் சேர்ந்துகொண்டே இருந்தது.

ஆலையிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

ஆலைப் பணியை விட்ட இராமநாதன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். அங்கே குறுக்கீட்டுமானி என்னும் கருவியை உருவாக்கும் பணி அவரிடம் அளிக்கப்பட்டது. ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சூடான காற்றின் வழியாகவும் மற்றொன்றை இயல்பான காற்றின் வழியாகவும் செலுத்தி மீண்டும் ஒன்றுசேர்த்தால், ஒளியும் இருளுமான வரிகள் தோன்றும். அவ்வரிகளின் இடப்பெயர்ச்சியைக் கொண்டு மிகச் சிறிய வெப்பநிலை வேறுபாட்டையும் அளக்கலாம். கடினமான அப்பணியைச் செய்து முடித்தபோது, தாம் ஈடுபட வேண்டிய துறை ஆராய்ச்சியே என்னும் நம்பிக்கை அவருக்குப் பிறந்தது.

1970இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார். பொறியியல் ஆய்வு செய்யும் எண்ணத்துடனே சென்றார். ஆனால், அவருடைய நெறியாளர் இராபர்ட் செஸ் அப்போதுதான் தம் ஆய்வுக்களத்தைக் கோள்களின் வளிமண்டலத்திற்கு மாற்றியிருந்தார். எனவே, குளிர்பதனப் பெட்டியின் வெப்பத்தை ஆராய்ந்த பொறியாளர், வெள்ளி, செவ்வாய் ஆகிய கோள்களின் வெப்பத்தை ஆராயத் தொடங்கினார்.

வெள்ளி, செவ்வாய் ஆகிய இரு கோள்களின் வளிமண்டலத்திலும் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடே. எனினும், வெள்ளியின் வளிமண்டலம் மிகவும் அடர்த்தியானது. அதன் தரைப்பரப்பு 460 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கிறது. செவ்வாயின் வளிமண்டலம் மிக மெல்லியது. அக்கோள் உறைகுளிரில் கிடக்கிறது. சூரியனிடமிருந்து உள்ள தொலைவு மட்டுமே ஒரு கோளின் வெப்பத்தை முடிவுசெய்வதில்லை. அதைப் போர்த்தியிருக்கும் வாயுக்களுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்பதை இவ்விரு கோள்களும் உணர்த்தின. வெப்பம் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு கடக்கிறது என்னும் பொறியியல் பாடம், கோள்களின் அளவுக்கு விரிந்தபோது வானிலை அறிவியலாயிற்று. 1974இல் இராமநாதன் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

தெரிந்து தெளிவோம்

புவி வெப்பமடைதலை ஆராய்ந்தவர்களுள் இராமநாதனுக்கு முன்னோடியான பொறியாளர் ஒருவரும் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த கை காலென்டர் நீராவித் தொழில்நுட்பப் பொறியாளர். அவர் பல நாடுகளின் வெப்பநிலைப் பதிவுகளைத் திரட்டி, கார்பன் டை ஆக்சைடு மிகுவதால் புவி வெப்பமடைந்து வருகிறது என 1938இல் கட்டுரை வெளியிட்டார். வெப்ப எந்திரங்களின் திறனை ஆராய்ந்த பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824இல் வெளியிட்ட நூலே வெப்ப இயக்கவியல் என்னும் அறிவியல் துறைக்கு வித்திட்டது.

பழைய வாயு, புதிய வினா

1974ஆம் ஆண்டு சூன் மாதம் 'நேச்சர்' இதழில் மரியோ மொலினா, ஷெர்வுட் ரௌலண்ட் ஆகிய இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குளோரோஃபுளோரோ கார்பன் வாயு மெல்ல மேலெழுந்து அடுக்கு மண்டலத்தை அடைகிறது. அங்குள்ள புறஊதாக் கதிர்கள் அதனைச் சிதைக்கின்றன. விடுபட்ட குளோரின் அணுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கின்றன என்பதே அதன் சாரம். அறிவியல் உலகின் கவனம் முழுவதும் ஓசோனின் பக்கம் திரும்பியது.

இராமநாதனுக்கோ அந்த வாயு புதியதன்று. ஆலையில் அதன் கசிவைத் தேடியவர் அவர். அது குழாயை விட்டு வெளியேறும் என்பதை ஏட்டில் படித்து அறிய வேண்டிய தேவை அவருக்கு இல்லை. கோள்களின் வளிமண்டலத்தை ஆராய்ந்து பழகியவர் ஆதலால் வேறொரு வினாவை எழுப்பினார். ஓசோனை அழிப்பது ஒருபுறம் இருக்கட்டும். புவியிலிருந்து வெளியேறும் வெப்பத்தை இவ்வாயு என்ன செய்கிறது?

இவ்வினாவின் அருமையை உணர, புவியின் வெப்பக் கணக்கைச் சிறிது அறிதல் வேண்டும். சூரிய ஒளியால் சூடேறிய நிலமும் கடலும் அவ்வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகின்றன. காற்றிலுள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அவற்றுள் பலவற்றை இடையில் உட்கவர்ந்து, ஒரு பகுதியை மீண்டும் புவிக்கே அனுப்புகின்றன. எனினும், 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களில் காற்று பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது. அவ்வழியே வெப்பம் தடையின்றி வெளியேறுகிறது. இதனை வளிமண்டலச் சாளரம் என்பர்.

சென்னை மயிலாப்பூரில் மாட வீதிகளை ஒட்டி எஞ்சியுள்ள பழைய வீடுகள் சிலவற்றின் நடுவில் முற்றம் உண்டு. நாற்புறமும் தடித்த சுவர்கள். அடுத்தடுத்து ஒட்டிய வீடுகள். வீட்டின் வெப்பம் மேலே செல்வதற்கு உள்ள திறந்த வழி முற்றமே. ஏற்கெனவே தடித்திருக்கும் சுவரின் மீது மேலும் ஒரு வரிசைச் செங்கல் வைத்தால் வீட்டின் வெப்பம் சிறிதே மாறும். திறந்த முற்றத்தின் மேல் மெல்லிய துணி ஒன்றை விரித்துக் கட்டினாலோ வீடு முழுவதும் புழுங்கும். கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் 15 மைக்ரோமீட்டரை ஒட்டிய பகுதியில் வெப்பத்தைத் தடுக்கிறது. அங்கு அது முன்பே மிகுந்திருப்பதால் புதிதாகச் சேரும் ஒரு மூலக்கூறு செங்கல் வரிசையைப் போன்றது. குளோரோஃபுளோரோ கார்பனில் உள்ள வேதிப்பிணைப்புகள் வளிமண்டலச் சாளரத்திற்குள்ளேயே வெப்பத்தை உட்கவர்கின்றன. அது முற்றத்தின் மேல் விரித்த துணியைப் போன்றது.

இராமநாதன் கணக்கிட்டுக் கண்ட முடிவு வியப்புக்குரியது. ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறோடு ஒப்பிடும்போது, ஒரு குளோரோஃபுளோரோ கார்பன் மூலக்கூறு 10,000 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைச் சிறைப்படுத்த வல்லது. காற்றில் நூறு கோடி பங்கில் 2 பங்கு என்னும் அளவை இத்தகைய வாயுக்கள் எட்டினாலே புவியின் மேற்பரப்பு வெப்பநிலை குறிப்பிடத்தக்க அளவில் உயரக்கூடும் என்று அவர் காட்டினார். 1975ஆம் ஆண்டு அக்டோபரில் இக்கட்டுரை 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 30.

அதுவரை, மனிதரால் புவி வெப்பமடைதல் என்றால் கார்பன் டை ஆக்சைடு என்றே பெரிதும் எண்ணப்பட்டது. மிகச் சிறிய அளவிலுள்ள, மனிதர் தாமே உருவாக்கிய வாயுவும் தட்பவெப்பத்தை மாற்ற இயலும் என்பது புதிய உண்மையாகத் தெரியவந்தது. அதன்பின் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு முதலிய பிற வாயுக்களும் ஆராயப்பட்டன. இத்தகைய நுண்ணளவு வாயுக்கள் அனைத்தும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான வெப்பத்தை விளைவிக்கக்கூடும் என்று 1985இல் இராமநாதனும் அவருடன் ஆய்வு செய்தோரும் அறிவித்தனர்.

முன்னறிவிப்பும் உடன்படிக்கையும்

1976 முதல் பத்தாண்டுகள் அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தில் இராமநாதன் பணியாற்றினார். 1980இல் ரோலண்ட் மேடனுடன் இணைந்து முன்னறிவிப்பு ஒன்றை வெளியிட்டார். ஆண்டுதோறும் இயல்பாக ஏறி இறங்கும் வெப்பநிலை மாற்றங்களைக் கடந்து, மனிதரால் ஏற்படும் வெப்பமடைதல் 2000ஆம் ஆண்டளவில் தெளிவாகப் புலப்படும் என்பதே அது. 2001இல் பன்னாட்டுத் தட்பவெப்ப மாற்றக் குழு வெளியிட்ட அறிக்கை அம்முன்னறிவிப்புக்கு ஏற்பவே அமைந்தது.

1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் படலம் பெருமளவில் மெலிந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். உலக நாடுகள் விரைந்து செயல்பட்டன. 1987 செப்டம்பர் 16ஆம் நாள் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உடன்படிக்கை உருவாயிற்று. குளோரோஃபுளோரோ கார்பன் உற்பத்தியை வளர்ந்த நாடுகள் 1996க்குள்ளும் வளரும் நாடுகள் 2010க்குள்ளும் நிறுத்த வேண்டும் எனக் காலவரையறை செய்யப்பட்டது. இந்தியா 1992இல் இதில் இணைந்தது. உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை என்னும் சிறப்பும் இதற்கு உண்டு.

ஓசோனைக் காக்க எழுந்த இவ்வுடன்படிக்கை தட்பவெப்பத்தையும் காத்தது. 1975இல் கணக்கிடப்பட்ட அந்தப் பதினாயிரம் மடங்கு ஆற்றலே அதற்குக் காரணம். குளோரோஃபுளோரோ கார்பன் தடையின்றிப் பெருகியிருந்தால் புவி இன்றுள்ளதைவிட மிகுதியாக வெப்பமடைந்திருக்கும். அதற்கு மாற்றாக வந்த ஹைட்ரோஃபுளோரோ கார்பன்கள் ஓசோனுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் அவையும் வெப்பத்தைச் சிறைப்படுத்துபவை. அவற்றைப் படிப்படியாகக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மாண்ட்ரியல் உடன்படிக்கை திருத்தப்பட்டது. இந்தியா அத்திருத்தத்தை 2021இல் ஏற்றது.

பழுப்பு முகில்

1990இல் கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் இராமநாதன் பேராசிரியராகச் சேர்ந்தார். நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனுடன் இணைந்து இந்தியப் பெருங்கடல் ஆய்வுத் திட்டத்தை வழிநடத்தினார். 1999ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச் வரை மாலத்தீவை நடுவமாகக் கொண்டு கப்பல்கள், வானூர்திகள், செயற்கைக்கோள்கள் ஆகியவற்றின் துணையுடன் 200க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் இதில் பங்கேற்றனர்.

நிலத்திலிருந்து வெகுதொலைவில் உள்ள கடலின்மேல் தூய காற்று இருக்கும் என்பதே பொது எதிர்பார்ப்பு. அங்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு நிறப் புகைப்படலம் பரவியிருந்தது. விறகு, சாணவறட்டி, பயிர்த்தாள், நிலக்கரி, டீசல் ஆகியவை முழுமையாக எரியாமல் எழும் கரித்துகளும் பிற மாசுகளும் கலந்த படலம் அது. அது சூரிய ஒளியைத் தடுத்து நிலத்தையும் கடலையும் மங்கச் செய்தது. அதே வேளையில் தான் உட்கவர்ந்த வெப்பத்தால் காற்றைச் சூடாக்கியது.

கடல் குளிர்ந்து காற்று சூடாகும்போது நீராவியாதல் குறைகிறது, பருவமழை தளர்கிறது. பழுப்பு முகில்கள் தெற்காசியப் பருவமழையைத் தளர்த்தக்கூடும் என்று 2005இலும், இந்தியாவின் நெல் விளைச்சலைக் குறைத்துள்ளன என்று 2006இலும் வெளியான ஆய்வுகளில் இராமநாதன் பங்கேற்றார். மயிலாப்பூரோடு மரபு தொடர்புபடுத்திக் கூறும் திருவள்ளுவர், தம் நூலில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழையை நம்பி வாழும் நாட்டில், அடுப்புப் புகைக்கும் வயலின் நெல்லுக்கும் தொடர்பு உண்டு என்னும் செய்தி சிறிதன்று.

முகிலின் உள்ளே வெப்பம் எவ்வளவு சேர்கிறது என்பதை அளக்க, 2006இல் ஆளில்லாச் சிறு வானூர்திகள் மூன்றை மாலத்தீவின் வானில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் பறக்கச் செய்தனர். ஒன்று முகிலுக்கு மேலே, ஒன்று உள்ளே, ஒன்று கீழே. மூன்றும் ஒரே கணத்தில் அளந்த ஒளியின் வேறுபாடே முகில் உட்கவர்ந்த ஆற்றல். கருவியைத் தேவைக்கேற்ப வடிவமைக்கும் பொறியியல் அறிவு இங்கும் துணைநின்றது.

அடுப்படிக்கு வந்த அறிவியல்

கார்பன் டை ஆக்சைடு பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கும். கரித்துகள் ஓரிரு வாரங்களே தங்கும். எனவே, கரித்துகள் வெளிப்படுவதை இன்று நிறுத்தினால் அதன் பயனைச் சில வாரங்களிலேயே காணலாம். இக்கருத்து இராமநாதனை வானிலிருந்து அடுப்படிக்கு அழைத்து வந்தது. சிறுவயதில் கிராமத்தில் தம் பாட்டி விறகடுப்பின் முன் புகையில் இருமிக்கொண்டே சமைத்த காட்சியை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இத்துன்பத்தைச் சுமப்பவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர்.

2009இல் 'சூர்யா' என்னும் திட்டம் உத்தரப் பிரதேசக் கிராமத்தில் தொடங்கப்பட்டது. புகை குறைந்த அடுப்புகள் வீடுகளுக்கு வழங்கப்பட்டன. புகையில் உள்ள கரித்துகளின் அளவு, கைப்பேசியால் எடுத்த வடிதாளின் படத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டது. பல வகை அடுப்புகளை ஒப்பிட்டபோது, சிறு விசிறியால் காற்றைச் செலுத்தும் அடுப்புகளே கரித்துகளை நன்கு குறைத்தன. பெயரளவில் 'மேம்பட்ட அடுப்பு' என்பது போதாது; அது உண்மையில் எவ்வளவு புகையைக் குறைக்கிறது என்று சமையலறையிலேயே அளந்து அறிய வேண்டும் என்பதை இத்திட்டம் காட்டியது.

இராமநாதனின் பணிகளுக்கு 2009இல் டைலர் பரிசும், 2013இல் ஐக்கிய நாடுகள் அவையின் 'புவியின் வாகையர்' விருதும், 2018இல் தாங் பரிசும் வழங்கப்பட்டன.

பட்டறிவின் பயன்

ஆலையில் பணியாற்றிய ஆண்டுகள் வீணானவை என்றும், ஆய்வுக்கு வந்த பின்னரே வாழ்வு தொடங்கியது என்றும் இவ்வரலாற்றைப் படித்தல் பொருந்தாது. ஓசோனைப் பற்றிய கட்டுரையை 1974இல் உலகெங்கும் பலர் படித்தனர். குளிரூட்டும் வாயுவை வேலையில் கையாண்டவரும், கோள்களின் வெப்பத்தைக் கணக்கிடக் கற்றவருமான ஒருவர் அதனைப் படித்தபோது புதிய வினா பிறந்தது. ஆலை அவருக்குப் பொருளை அறிமுகம் செய்தது. ஆய்வு அப்பொருளிடம் கேட்க வேண்டிய வினாவைக் கற்றுத் தந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அக்கண்டுபிடிப்பு அவர் கைக்கு வந்திருத்தல் அரிது.

மற்றொரு செய்தியும் இதில் உண்டு. மிட்ஜ்லி தேடியது தீங்கற்ற வாயுவை. தம் காலத்து அளவுகோல்களின்படி அதைக் கண்டும் காட்டினார். நஞ்சா, தீப்பற்றுமா என்னும் இரு வினாக்களுக்கு மட்டும் விடை தேடப்பட்டது. பயன்பட்டு முடிந்தபின் அப்பொருள் எங்கே செல்லும், எவ்வளவு காலம் தங்கும் என்னும் வினா நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே எழுந்தது. ஒரு பொருளை உருவாக்குவோர் அதன் முழுப் பயணத்தையும் எண்ணிப் பார்த்தல் இன்றைய பொறியியலின் கடமையாகும்.

அப்பயணம் இன்றும் முடியவில்லை. கோடை நீளும் சென்னை போன்ற நகரங்களில் குளிரூட்டும் எந்திரங்கள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. பல பெட்டிகளில் பயன்பட்ட ஹைட்ரோஃபுளோரோ கார்பன்–134ஏ என்னும் வாயு ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு விளைவிக்கும் வெப்பத்திற்கு ஈடாகும். இக்காலத்து வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகள் பலவற்றில் வெப்பத் தீங்கு மிகக் குறைந்த ஐசோபியூட்டேன் இடம்பெறுகிறது. பழுதுபார்க்கும்போது பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் சேர்த்து மீட்பதற்கும் முறைகள் உள்ளன. தெருமுனைக் கடையில் குழாயைப் பற்றவைக்கும் தொழிலாளியின் கைத்திறனும் புவியின் வெப்பக் கணக்கில் இடம்பெறுகிறது என்பதை இராமநாதனின் ஆய்வு நமக்கு உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டும் எந்திரம் ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் ஒருவரைச் சந்தித்து, பழைய வாயுவை அவர் எவ்வாறு கையாள்கிறார் என்பதை நேர்காணலாக எழுதுக.

2. வளிமண்டலச் சாளரத்தை விளக்க இப்பாடத்தில் முற்றம் உவமையாக்கப்பட்டுள்ளது. அதே கருத்தை விளக்கும் வேறோர் உவமையை உங்கள் ஊர்ச் சூழலிலிருந்து எடுத்து ஒரு பத்தி எழுதுக.

3. 'ஒரு துறையில் பெற்ற பட்டறிவு மற்றொரு துறையில் பயன்படும்' என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் கலந்துரையாடுக.